எய்ட் கே டீவியும் கைரியாவின் கண்ணும்

"ஸ்க்ரீன்ல கை வெக்காத! எத்தின தரம் சொல்ற ஒனக்கு?"

காலையில் தேத்தண்ணி கொண்டுவந்த கைரியா, தூசி தட்டத் துணியை எடுத்ததுதான் குற்றம். புருஷன் நளீர் கதிரையில் உட்கார்ந்தபடியே கத்தினார்.

கலகெதரயில் சாமான் கடை வைத்திருக்கும் நளீர், மூன்று வாரத்துக்கு முன் கண்டிக்குப் போய், படத்தில் நுணுக்கமெல்லாம் தெரியும் என்று அந்த எய்ட் கே டீவியை வாங்கி வந்தார். திரையில் வெளிச்சம் விழாமலிருக்க அன்றைக்கே யன்னலுக்குத் தடித்த சீலை போட்டார்கள். யன்னலடியில் இருந்த கைரியாவின் தையல் மெஷின் குசினி அடுப்படிக்குப் பின்னால் இருட்டுக்குப் போனது. கடை மூடிக் கிடந்த இரண்டு வருஷமும் இந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்ட மெஷின் அது!

அவள் செய்த பிழை ஒன்றே ஒன்று. முதல் நாளே, "படம் பனிப்புகார் மூடின மாதிரி ஈக்கே..." என்று சொல்லிவிட்டாள். நளீருக்கு வந்ததே கோபம்! "ஒன்ட கண்ணு மங்கிட்டு!" என்றார். "கண்ணாடி மாதிரி ஈக்கு தம்பி," என்று அவருடைய அக்கா ஸுலைஹா ராத்தா ஒத்து ஊதினாள். அதோடு விட்டாரா? அடுத்த வீட்டு பஸ்லினாவின் கல்யாண ஜாக்கெட் துணியையும், "இவளுக்குக் கண்ணு வெளங்கல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். கேட்டுக் கேட்டுக் கைரியாவுக்கே தன் கண்ணில் சந்தேகம் வந்துவிட்டது.

இன்று பத்து மணிக்குப் பழைய சாமான் வாங்கும் மக்கீன் வந்து மெஷினைக் கொண்டுபோகப் போகிறான்.

"மெஷின மட்டும் குடுக்காதீங்க... ஒங்களக் கெஞ்சிக் கேக்குறேன்."

"கண்ணு வெளங்காதவளுக்கு மெஷின் என்னத்துக்கு?"

அவ்வளவுதான். பொறுத்தது போதும் என்று ஆகிவிட்டது. கைரியா திரும்பி, அந்தத் திரையை அழுத்தித் துடைத்தாள். மூலையில் ஏதோ கிளம்பியது. பிடித்து இழுத்தாள். சர்ரென்று உரிந்து வந்தது!

"யா அல்லா! டீவிய உரிச்சிட்டாளே!" என்று ஸுலைஹா அலறினாள்.

கைரியாவின் கையில் ஒரு பிளாஸ்டிக் தாள். கீறல் விழாமலிருக்கக் கம்பனிக்காரன் ஒட்டி அனுப்பியது. ரிமோட்டைக்கூடப் பொலித்தீனில் சுற்றி வைத்திருக்கும் மனுஷன், இதைக் கழற்றுவாரா? பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று அவரே விட்டுவைத்திருந்தார்.

படம் பளிச்சென்று வந்தது.

"இப்ப பாரு! இதுதான் எய்ட் கே!" என்றார் நளீர், வெட்கமே இல்லாமல்.

கைரியா உள்ளே போய் ஊசியும் நூலும் கொண்டுவந்தாள். அவர் முகத்துக்கு நேரே பிடித்து, ஒரே தரத்தில் கோத்தாள்.

"என்ட கண்ணா மங்கிட்டு? சொல்லுங்க!" கோத்த ஊசியை அவர் கையில் திணித்தாள். "பழைய டீவியும் இந்தக் கதிரையில இருந்து பாத்தா இப்பிடித்தானே வெளங்கிச்சு? வாறது அதே நியூஸ்தானே? இதுக்கா என்ட வெளிச்சத்த எடுத்தீங்க?"

"உம்மா சொல்றது சரி வாப்பா," என்றாள் மகள் ருஷ்தா. "எய்ட் கேயில எடுத்த படம் ஒண்ணும் நம்ம டீவிக்கு வாறதில்ல."

நளீர் கதிரையில் இருந்தபடி திரையைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து கதிரையில் இருந்தார். பிறகு போனை எடுத்து, "மக்கீன், நீ வர வேணாம்," என்றார்.

யன்னல் சீலையை அவரே கழற்றினார். வெயில் திரையில் விழுந்து படம் அழிந்துபோனது. ஸுலைஹா வாய் திறக்கப் போனாள். "சும்மா இரிங்க ராத்தா," என்று அடக்கிவிட்டு, மெஷினைத் தூக்கிவந்து பழைய இடத்தில் வைத்தார்.

"பஸ்லினாட துணிய நானே போய்க் கேட்டு வாங்கிட்டு வாறேன்."

"என்ன சொல்லி வாங்குவீங்க?"

நளீர் வாசலில் நின்றார். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"என்ட கண்ணுலதான் பிழைன்னு சொல்றேன் கைரியா..."

அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. மெஷின் மேல் தலையைச் சாய்த்து, வாய்விட்டு அழுதாள்.