வைக்கோல் கன்று

முதலில் வந்தது நாற்றம்தான். கார்க் கண்ணாடிகள் ஏற்றியிருந்தன, ஏசி ஓடிக்கொண்டிருந்தது, வெளிச்சம் விழுந்த தூரம்வரை ரோட்டில் ஒரு ஜீவன் இல்லை. அப்படியும் சாணமும் மூத்திரமும் நனைந்த தோலும் கலந்த ஒரு வாடை, அதற்கும் அடியில் புளித்துப்போன பாலின் வாடை, எங்கிருந்தோ உள்ளே கசிந்து வந்து ஹேமாவதியின் தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. பட்டுப்புடவை முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டாள்.

"அருண், உனக்கு நாத்தம் வரல?"

"எனக்கு எதுவுமே வரல. மூக்கு அடைச்சிருக்கு" என்றான் அருண்ராஜ். சில ஆண்களுக்கு ஜலதோஷம்கூட வேண்டிய நேரத்தில் வந்து கைகொடுக்கிறது.

திருப்போரூர்ப் பக்கம் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டு ராஜகீழ்ப்பாக்கத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மெயின் ரோட்டில் நெரிசல் என்று போன் சொன்னது. கட்டிய மனைவி சொல்லிக் கேட்காதவன் போன் சொன்னதும் கேட்டு, பொன்மார் தாண்டி இந்தக் குறுக்கு ரோட்டில் வண்டியை விட்டிருந்தான். பின்சீட்டில், முதுகு காட்டிப் பொருத்திய குழந்தை இருக்கையில் ஐந்து மாத ஹரி. முன்னாலிருந்து பார்த்தால் அவன் முகம் தெரியாது. பின்னால் உட்கார்ந்தால் ஹேமாவுக்கு வாந்தி வரும் என்பதால் அவள் முன்னால்.

டின் பால் விசேஷ வீட்டிலேயே தீர்ந்துவிட்டது. தாய்ப்பாலைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. சுறாப்புட்டு, பூண்டுக் குழம்பு, வெந்தயம், மாத்திரை, எல்லாம் பார்த்தாயிற்று. தினமும் மெஷினை வைத்து வலிக்க வலிக்க எடுத்தாலும் பாட்டிலின் அடி நனைவதோடு சரி. பிள்ளை பசியில் கத்தும்போது தன் உடம்பின் மேலேயே அவளுக்கு வெறுப்பாக வரும். எட்டு மணிக்குள் வீட்டுக்குப் போய் அவனுக்கு ஒரு பாட்டில் கரைத்துக் கொடுக்க வேண்டும். அவளுக்கு அது ஒன்றுதான் கவலை.

வளைவில் திரும்பியதும் அருண் பிரேக்கை மிதித்தான்.

ரோட்டை அடைத்துக்கொண்டு மாடுகள். ஹெட்லைட் வெளிச்சத்தில் பின்பக்கங்கள் மட்டுமே தெரிந்தன: காய்ந்த சாணம் அப்பிய தொடைகள், சொறி பிடித்த வால்கள், நடக்கும்போது ஒன்றோடொன்று உரசும் முட்டிகள். ஒன்று வாலைத் தூக்கியது. பச்சையாகப் பொலபொலவென்று விழுந்து பம்பர்வரை தெறித்தது. ஹேமா கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால் வாடை இன்னும் கூடியது.

அருண் ஹார்ன் அடித்தான். ஒரு காது அசையவில்லை. ஒரு மணிச்சத்தம் இல்லை, ஒரு 'ம்மா' இல்லை. தார் ரோட்டில் குளம்புகள் தேயும் ஓசை மட்டும். எல்லாத் தலைகளும் தூக்கியபடி, முன்னால் போகிற ஏதோ ஒன்றைப் பார்த்துக்கொண்டே நடந்தன.

அப்போது ஹரி அழ ஆரம்பித்தான்.

மாடுகள் நின்றன, எல்லாம் ஒரே நேரத்தில். பிறகு ஒன்றொன்றாகத் திரும்பி காரைப் பார்த்தன.

கூட்டத்தின் முன்னாலிருந்து ஒருவன் நடந்து வந்தான். லுங்கியைத் தூக்கிக் கட்டியிருந்தான். தோளில் ஒரு கன்றுக்குட்டி கிடந்தது. அருண் கண்ணாடியை இறக்கினான். சுவிட்சைச் சேர்த்து அமுக்கியதில் பின் கண்ணாடியும் இறங்கியது.

"அண்ணா, கொஞ்சம் ஓரமா ஓட்டிக்கோங்கண்ணா. கொழந்தை பசில அழறான்."

"தாய் கீதே பக்கத்துல. பால் குட்க்க சொல்லு சார்."

"இவளுக்குப் பால் சரியா வர்றதில்லண்ணா. டின் பால் வீட்லதான் இருக்கு."

ஹேமாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாடு மேய்க்கிறவனிடம் சொல்கிற விஷயமா இது? அவன் குனிந்து அவள் மார்பை ஒருமுறை பார்த்தான். மாட்டின் மடியைப் பார்க்கிற பார்வை. அவ்வளவுதான், வேறொன்றும் அதில் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

"இத்தும் அப்டித்தாம்மா" என்று பின்னால் நின்ற சிவப்புப் பசுவைக் காட்டினான். "கன்னு போட்ட மூணாம் நாளே செத்துப்பூச்சி. தோல உரிச்சி, வைக்கோல் அட்ச்சி, தெச்சி வெச்சிகினேன். இத்த காட்னாத்தான் பால் வுடுது."

அப்போதுதான் ஹேமா தோளில் கிடந்ததைச் சரியாகப் பார்த்தாள். கண் இருக்க வேண்டிய இடத்தில் தையல். வயிற்றோரம் சணல் கயிறு பிரிந்து, வைக்கோல் கறுத்துத் துருத்திக்கொண்டிருந்தது. ரோமம் எச்சிலில் ஊறி, திட்டுத்திட்டாகக் கொட்டியிருந்தது. சிவப்புப் பசு நெருங்கி வந்து அதை நக்கியது. நீளமான, சாம்பல் நிற நாக்கு. சரக், சரக். அதன் மடியிலிருந்து பால் சொட்டி ரோட்டில் விழுந்தது.

"அது செத்துப்போச்சுன்னு அதுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள், தன்னையும் மீறி.

"தெரியாம இன்னா? நல்லாத் தெரியும். தெரிஞ்சிகினேதான் நக்குது. ஒரு தபா நக்கிச்சுன்னா போதும், பால் தன்னால எறங்கிரும்."

"ஏதாவது பண்ணுங்கண்ணா, லேட்டாவுது" என்றான் அருண்.

அவன் இறங்கியிருந்த பின் ஜன்னலை ஒருமுறை பார்த்தான். "சரி சார். பண்றேன்."

சிவப்புப் பசு தலையைப் பின் ஜன்னலுக்குள் விட்டது. சரக், சரக். ஹரியின் அழுகை பாதியில் நின்றது. ஹேமா வீறிட்டாள். அருண் குதித்து இறங்கி மாட்டைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினான். வேறு இரண்டு மாடுகள் நடுவில் புகுந்து அவனை முன்பக்கம் நெட்டின. எட்டிக் கையை நீட்டிய ஹேமாவின் விரலில் அந்த நாக்கு பட்டது. அரம் போல் சொரசொரப்பு, வெதுவெதுப்பு, வழவழவென்று எச்சில். கதவைத் திறந்து இறங்கினாள். பள்ளத்தோரம் குனிந்தாள். சாப்பிட்ட பாயசம், வடை, எல்லாம் வந்தது. மறுபடி வந்தது. வெறும் பித்தம் வரும்வரை வந்தது.

வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது ரோடு காலியாகியிருந்தது. மாடுகள் ஒதுங்கி வயற்பக்கம் இறங்கிக்கொண்டிருந்தன. அவற்றின் முன்னால் அந்த ஆள். கன்றை இப்போது தோளில் போடாமல் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்து, தட்டிக்கொடுத்துக்கொண்டே போனான். செத்ததைக் கொஞ்சுகிறானே, சீ, என்று ஹேமா நினைத்தாள். முதல்முறையாக மாடுகள் எல்லாம் சேர்ந்து கத்தின. கன்றைத் தேடும் குரலல்ல. கிடைத்துவிட்ட குரல்.

"ஏறு ஏறு. பய அடங்கிட்டான், இப்ப தொட்டு எழுப்பாத" என்றான் அருண்.

அகரம்தென் வந்தது. கடைகள், வெளிச்சம், பரோட்டாக் கல்லில் தட்டும் சத்தம். ஹரியிடமிருந்து ஒரு முனகல்கூட இல்லை.

"பய தூங்கிட்டான் பாரு. மாடு நக்கியே தூங்க வெச்சிடுச்சு" என்று சிரித்தான் அருண்.

ஹேமா சிரிக்கவில்லை. வாடை போகவில்லை. சாண வாடை தேய்ந்து, அந்த இடத்தில் வேறொன்று. உலர்ந்தது. வைக்கோல்போரில் முகத்தைப் புதைத்தால் வருவது.

கையைப் பின்னால் நீட்டி அவன் தலையைத் தொட்டாள். முடி நனைந்து, ஒரே பக்கமாகப் படிந்திருந்தது. எச்சில்தான். வீட்டுக்குப் போனதும் குளிப்பாட்ட வேண்டும். ஆனால் சில்லென்று இருந்தது. உச்சிக்குழியில் எப்போதும் இருக்கும் துடிப்பு விரலுக்குப் படவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

உள்ளே ஏதோ நொறுங்கியது.

பெல்ட்டாக இருக்கும். பொம்மையாக இருக்கும். விரல் காதோரம் இறங்கியது. கழுத்துக்கு வந்தது. முடிச்சு. அடுத்து ஒரு முடிச்சு. சணல்.

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல். சிவப்பு. வண்டி நின்றது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு, இரண்டு சீட்டுக்கும் நடுவே நுழைந்து பின்னால் போனாள்.

"வாந்தி வரப்போவுது ஹேமா" என்றான் அருண், திரும்பாமல்.

கடை விளக்கு உள்ளே விழுந்தது. அதே மஞ்சள் சட்டை. கன்னத்தில் அதே திருஷ்டிப் பொட்டு, காலையில் அவள் வைத்தது. அதே மூக்கு. கண்கள் இருந்த இடத்தில் தையல். ஒரு காலில் சாக்ஸ் இருந்தது. இன்னொரு காலில் இல்லை. அங்கிருந்து வைக்கோல்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. இது அவனில்லை. அவன் உயிரோடு அந்தத் துண்டுக்குள் போனானா என்று தெரியவில்லை. ஆனால் இது அவனில்லை.

வண்டியைத் திருப்பு. சொல்ல வேண்டும். இப்போதே.

மார்பில் சுருக்கென்று வலித்தது. சூடாக ஏதோ உடைந்து இறங்கியது. ஐந்து மாதமாக மருந்துக்கும் மெஷினுக்கும் வராதது, ரவிக்கையை நனைத்து, பட்டுப்புடவையை நனைத்து, முழங்காலில் சொட்டி, அந்த மஞ்சள் சட்டையின் மேல் சொட்டியது. நிற்கவில்லை.

பச்சை விழுந்தது.

"ஏய், எனக்கே பால் வாசனை அடிக்குதே" என்றான் அருண். குரலில் அப்படியொரு சந்தோஷம்.

வண்டியைத் திருப்பு என்று சொல்லத்தான் ஹேமா வாயைத் திறந்தாள். குனிந்தாள். நாக்கு நீண்டது.

சரக்.

சரக்.