கையுறைக்குள் இருந்த விரல்

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. கம்பத்தின் மேல் செத்தவனின் கதை சொல்கிறேன். பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

காலை 11.20. லைன்மேன் இடுப்பு பெல்ட்டில் தொங்கினான். கழுத்தும் தோளும் கரிக்கட்டை. ரப்பர் கையுறைகள் மட்டும் மாட்டியபடியே இருந்தன. கீழே, எதிர் அச்சகத்துக்காரரை நாலு பேர் போட்டு மிதித்தார்கள். இரண்டு பல் தரையில் கிடந்தது.

"ஜெனரேட்டரப் போட்டு எங்க மாமாவக் கொன்னுட்டான்மா! லைன்ல ரிவர்ஸ் கரண்ட்!" கத்தியவன் செத்தவனின் மைத்துனன், கூடவே வேலை பார்ப்பவன்.

இன்ஸ்பெக்டரம்மா லத்தியால் கூட்டத்தைப் பிளந்தார். அச்சகத்துக்குள் போய் ஜெனரேட்டர் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

11.45. செத்தவனின் மனைவி வந்திருந்தாள். தாடையில் கட்டு. கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை.

இன்ஸ்பெக்டரம்மா மைத்துனனிடம் திரும்பினார். "லைன நிறுத்த ஸ்விட்ச இறக்கினது யாரு?"

"நான்தாம்மா."

"ஜெனரேட்டர் பச்சத்தண்ணி மாதிரி இருக்கு. அது ஓடவே இல்ல."

மைத்துனன் கம்பத்தை அண்ணாந்து பார்த்தான். "அப்ப... இறக்க மறந்திருப்பேன்மா."

"மறந்தாலும் டிடெக்டர் கத்தியிருக்கணுமே."

கம்பியைத் தொடாமலே, கரண்ட் இருந்தால் கத்தும் கருவி அது. வீடு, தெரு, டவர் என்று டயலில் மூன்று படி. மேலிருந்து இறக்கிய கருவியில் டயல் இப்போது டவரில் நின்றது. அங்கே வைத்தால் தெருக்கம்பிக்கு அது ஊமை.

"கீழ நிக்கும்போதே மாமா பக்கத்து லைன்ல காட்டிப் பாத்தாரு, கத்துச்சு. மேல போய் மாமாவே மாத்தி வச்சுட்டாரு. கண்ணால பாத்தேன்."

"கையிலயே கொண்டு போனாரா?"

"இல்லம்மா. வாளியில வச்சு நான்தான் கயித்துல ஏத்தினேன்."

"கையுறை?"

"கீழயே மாட்டிடுவாரு. இறங்குற வரைக்கும் கழட்ட மாட்டாரு."

இன்ஸ்பெக்டரம்மா வேனிலிருந்து வேறொரு ஜோடி கையுறையை எடுத்து அவனிடம் நீட்டினார். "மாட்டிக்க, தம்பி. டிடெக்டர் டயலத் திருப்பு."

டயல் சுண்டுவிரல் நகத்தளவு, பள்ளத்துக்குள். மூன்று முறை முயன்றான். தடித்த ரப்பர் வழுக்கியது.

"உங்க மாமாவுக்கும் இப்படித்தான் வழுக்கியிருக்கும். வெறுங்கையோட அதத் தொட்டது நீ ஒருத்தன்தான்."

அவன் கையுறையைக் கிழிப்பதுபோல் உருவி எறிந்தான். "எங்கக்கா தாடைய ரெண்டு தடவ உடைச்சான்! அடுத்தது கழுத்துன்னான்!"

"அதுக்கு எங்கிட்ட வந்திருக்கலாம். இந்த மனுஷன் பல்லு உனக்கு என்னடா பண்ணுச்சு?"

அக்காள் அப்போதுதான் அழுதாள், தம்பிக்காக.

மறுவாரமே லைன்மேன்களின் மேஸ்திரி டயல் டிடெக்டர்களைத் திருப்பி அனுப்பினார். படி மாற்றவே முடியாத, தெருக்கம்பிக்கென்றே உள்ளதைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்.

உங்கள் வீட்டிலிருந்து கம்பம் ஏறுகிறவர்கள் முழுசாக இறங்கி வரட்டும், கண்ணுகளா. அவர்கள் வந்து கதவைத் தட்டும்போது, உள்ளே ஒருத்தியும் நடுங்காமல் இருக்கட்டும்.