குடும்பத் தலைவர்

“தடைன்னு ஒண்ணு இனிமே கிடையாதுக்கா. அனுமதி இருந்தா திறக்கும், இல்லன்னா திறக்காது. அவ்வளவுதான்.”

“அப்ப பழைய தடையெல்லாம்?”

“குப்பைக்குப் போயிடுச்சு. எல்லாரையும் உள்ளே விட்டுட்டு, வேண்டாதவனை மட்டும் காலரைப் பிடிச்சு வெளியே தள்ளுற வேலை இனிமே நமக்கெதுக்கு?”

போனில் அவளிடம் பேசிச் சிரித்தவனுக்கு அலுவலகத்தில் சடை என்று பெயர். தோளில் புரளும் தலைமுடிக்காக அவள்தான் வைத்தது. வீட்டுப் பூட்டுகளுக்கு மென்பொருள் எழுதும் நிறுவனம் அது. சுவரில் பதித்த தகட்டில் உள்ளங்கையை வைத்தால் யாருக்கு எந்தக் கதவு திறக்கலாம் என்று முடிவு செய்யும் பகுதியைப் புதிய முறைக்கு மாற்றுவது அவர்கள் இருவரின் பொறுப்பு. ஊரார் வீட்டில் கைவைப்பதற்கு முன் தன் வீட்டையே சோதனைக்குக் கொடுத்திருந்தாள். சற்று முன்புதான் அது மாறியது.

ஏதோ ஒன்று குறைவதாக அவளுக்குப் பட்டது. வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருக்க, விளக்கு போடாத கூடத்தில் காயாத துணிகளின் வாடை தங்கி நிற்க, குளிர்பெட்டி முனகி அடங்கி மறுபடி முனகிக்கொண்டிருந்த அந்த மங்கிய அந்திவேளையில், வழக்கமாக இந்நேரத்துக்குக் கேட்கும் ‘டுப்’ இன்னும் கேட்கவில்லை. குழந்தை தூங்கும் அறையின் தகடு, யாரும் தொடாமலே, அந்தி சாய்ந்ததும் ஒருமுறை அப்படி மறுத்து ஒலிக்கும். ஈரம் இறங்கியிருக்கும் என்பாள் அவள். அதற்கும் அஜீரணம் போல என்பான் கணவன்.

இன்று டுப் இல்லை. அதற்குப் பதிலாக, இழைந்து வரும் இரட்டை மணி. கதவு திறந்துகொள்ளும்போது வருவது. பிறகு கதவு மெல்லச் சாத்திக்கொள்ளும் ஓசை.

போனில் எழுத்து மின்னியது. குழந்தை அறை திறக்கப்பட்டது. திறந்தவர்: குடும்பத் தலைவர்.

வீட்டுக்காரர் வந்துவிட்டாரா என்று சடை கேட்டான். கணவன் வேலையிலிருந்து திரும்ப இன்னும் நேரமிருந்தது. அந்தப் பெயரும் அவனுடையது அல்ல.

அது மாமனாருடையது. சொந்த வீட்டுக்குள் நுழைய இயந்திரத்திடம் கைநீட்ட வேண்டுமா என்று அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டபோது, சமாதானத்துக்காக அவர் கைப்பதிவுக்கு நேரே ‘குடும்பத் தலைவர்’ என்று எழுதி வைத்தாள். வெறும் அலங்காரச் சொல். மனிதர் குளிர்ந்து போனார். பிறகு அவருக்கு நினைவு பிசகத் தொடங்கியது. சின்ன வயதிலேயே இறந்துபோன தன் மகளைத் தேடுவார். ஒருநாள் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் நின்றிருந்தார். பதறி ஓடியவளிடம், “அவ தனியா இருக்காம்மா. இவளைக் கொண்டுபோய் விட்டுட்டு வந்துடறேன்” என்றார், கடைக்குப் போகிறவர் மாதிரி.

அன்றே அந்த அறையின் கதவுக்கும் ஜன்னலுக்கும் அவர் கைக்குத் தடை போட்டாள். அதன்பின் அந்திதோறும் தகட்டில் கைவைப்பார். டுப். “அம்மாடி, கதவைத் திறம்மா” என்பார். அவள் திறந்ததில்லை. போன மழைக்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். பூட்டிலிருந்து அப்பாவின் கைப்பதிவை அழிக்கக் கணவனுக்கு மனம் வரவில்லை.

டுப் மட்டும் நிற்கவில்லை.

“சடை, குடும்பத் தலைவர்ங்கிறதைப் புதுசுல என்னவா மாத்தினே?”

“உரிமையாளர்னு. வேற என்னக்கா? அவருக்கு எல்லாக் கதவும் திறக்கும்.”

உடனே எடு என்றாள். உரிமையாளரை அவரே விலகினால் ஒழிய யாராலும் எடுக்க முடியாது, இந்த விதிக்காக நீங்கள்தானே மல்லுக்கு நின்றீர்கள் என்று அவன் நினைவூட்டினான். அவள் நடைவழியை எட்டிப் பார்த்தாள். யாருமில்லை. கதவு சாத்தியிருந்தது. இன்னும் உள்ளே போயிருக்க முடியாது என்று நினைத்தாள். அப்படித்தான் நினைக்க முடிந்தது. குடும்பத்துக்கு இருக்கும் அனுமதியை அந்த அறையிலிருந்து மொத்தமாக எடுத்துவிடு, ஒருத்தருக்கும் திறக்கக் கூடாது என்றாள். அவள் குரலைக் கேட்டு அவன் காரணம் கேட்கவில்லை. விசைகள் தட்டும் ஓசை. கதவில் தாழ் விழுந்தது.

மூச்சு விட்டாள். மூச்சோடு வந்தது தைல வாசனை. முழங்காலுக்கு அவர் தேய்த்துக்கொள்ளும் தைலம். கதவின் அடி இடுக்கிலிருந்து வந்தது.

சர்க். சர்க்.

ரப்பர் செருப்பை இழுத்து இழுத்து வைக்கும் நடை. நடைவழியில் இல்லை.

உள்ளே.

ஓடினாள். உள்ளங்கையைத் தகட்டில் அறைந்தாள்.

டுப்.

மறுபடியும். டுப். தகட்டில் எழுத்துகள் ஒளிர்ந்தன. உங்களுக்கு அனுமதி இல்லை. உரிமையாளரிடம் கேட்கப்படுகிறது. எடுத்த அனுமதியைத் திரும்பக் கொடுக்கவும் உரிமையாளர் சம்மதிக்க வேண்டுமாம் என்று போனில் சடை பதறினான்.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. தூக்கம் கலையாத குரலில் குழந்தை கேட்டாள்.

“தாத்தா, எங்க போறோம்?”

கையிலிருந்த போன் மின்னியது. குழந்தை அறை ஜன்னல் திறக்கப்பட்டது. மூன்றாவது மாடி. கதவின் அடியில் ஈரக்காற்று அவள் கால்விரல்களைத் தொட்டது. சர்க். சர்க். ஜன்னல் பக்கமாக.

நெற்றியைக் கதவில் அழுத்தினாள். கை தகட்டிலேயே இருந்தது.

“மாமா,” என்றாள். “கதவைத் திறங்க மாமா.”