நடப்பில் உள்ள மூச்சு

"நிலாக்குடிப் பெருமக்களே! மனித குலத்தின் தவிப்புக்கு இன்றோடு முற்றுப்புள்ளி! இனி உங்கள் கோரிக்கை எதுவும் தொலையாது. எதுவும் இருமுறை நிறைவேறாது!"

ஒலிபெருக்கி முழங்க, தலைமை வடிவமைப்பாளர் தில்லைநாயகம் நெகிழி மாலையோடு மேடையில் நின்றார். புரட்சி என்றால் வேறொன்றுமில்லை. குடிமக்கள் பெயர்கள் இருந்த பழைய பேரட்டவணையிலேயே ஊரின் கோரிக்கைகளையும் வரிவரியாக அடுக்கிவிட்டார். எடுப்பான்கள் என்ற இயந்திரங்கள் ஆளுக்கொரு வரியைப் பூட்டி எடுக்கும். வேலை முடிந்ததும் பூட்டை அவிழ்க்கும். எடுப்பான் பாதியில் செத்தால் சற்று நேரத்தில் பூட்டு தானே அவிழ்ந்து, வரி இன்னொன்றிடம் போகும் என்றும் முதலில் இருந்தது. போன பொங்கலுக்கு அப்படித்தான், செத்ததாக எண்ணிய எடுப்பானும் தாமதமாக வந்து, ஒரே வீட்டுக்கு இரண்டு கரும்பு போய்ச் சேர்ந்தது. ஊர் மன்றமே கொதித்தது. தில்லைநாயகம் அந்த ஏற்பாட்டைப் பிடுங்கி எறிந்தார். மாலை அதற்குத்தான்.

கட்டுப்பாட்டு அறைக்குத் திரும்பியதும் மனைவி செண்பகம் வீட்டிலிருந்து அழைத்தாள். "மாமாவுக்கு மூச்சு இழுக்குதுங்க. உயிர்வளி உருளை கேட்டு எவ்ளோ நேரமாச்சு!"

அங்கே அட்டவணையை இயக்கும் ரோஸ்லின் திரையைப் பார்த்தாள். "உங்கப்பாவோட வரி 'நடப்பில்'னு இருக்கு சார். எடுத்த எடுப்பான் பள்ளத்துல விழுந்து நொறுங்கிடுச்சு. பூட்டு அது பேர்லயே கெடக்கு."

"கிடங்குல போய்க் கையால எடுத்தா?"

"அட்டவணை சொல்லாமக் கதவு திறக்காது."

"சரி, புதுசாக் கேளும்மா!"

"கேட்டேன். 'ஏற்கெனவே நடப்பில் உள்ளது'ங்குது. ரெண்டு கரும்பு போயிடக் கூடாதுல்ல, சார்?"

 தில்லைநாயகத்துக்குப் பொறி தட்டியது. ஒரு குடிமகனின் பெயர் நீங்கினால் அவர் கோரிக்கைகளும் கூடவே நீங்கும்; அவரே எழுதிய விதி. இறப்புப் பதிவு மட்டும் வரிசையில் நிற்காது, குடும்பத்தலைவர் விரல் வைத்தால் போதும். வைத்தார். அப்பாவின் பெயர் மறைந்தது. பூட்டிய வரியும் மறைந்தது.

"பாத்தியா!" என்று தொடையைத் தட்டினார். "இப்பக் கேளு."

ரோஸ்லின் கேட்டாள். 'அப்படி ஒரு குடிமகன் இல்லை' என்றது திரை.

"பேரைத் திரும்பச் சேத்துடு!"

"அதுக்கும் கோரிக்கை போடணும் சார். போட்டுட்டேன். முன்னாடி நெறையப் பேர் நிக்கறாங்க."

"என்னங்க, மாமா உங்களத்தான் கேக்கறாரு" என்றாள் செண்பகம்.

கொஞ்ச நேரத்தில் அப்பா அட்டவணையோடு ஒத்துப்போனார்.