தூசி படியாத இடம்

மூன்றாம் வகுப்பின் பூட்டைத் திறந்ததும் யோகப்பிரியாவின் கண்ணில் முதலில் பட்டது, இரண்டாவது பெஞ்சில் ஒரு குழந்தை உட்காரும் அளவுக்குச் சுத்தமாக இருந்த இடம். மதிலுக்கு அப்பால் இருக்கும் இரும்பு உருக்கும் கம்பெனி இரவெல்லாம் விடும் புகைத்தூசி, ஓட்டு இடுக்குகள் வழியே இறங்கி, பெஞ்சு, டெஸ்க், கரும்பலகைச் சட்டம் என்று எதையும் விடாமல் கண்மை போலப் படிந்திருக்கும். துருவும் கருகிய எண்ணெயும் கலந்த அதன் வாடை நாக்கின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். இது தினமும் உள்ளதுதான். பிள்ளைகள் வருமுன் ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்துவிடுவது அந்தப் பள்ளிக்கூடத்தின் வழக்கம். வீடு பக்கத்தில் என்பதால் சாவி அவளிடம் இருந்தது.

சத்துணவு சமைக்க வந்த பழனாத்தாளிடம், "அக்கா, உள்ள வந்து தொடச்சீங்களா?" என்று கேட்டாள்.

"நானுங்களா டீச்சர்? சாவி உங்ககிட்டத்தானுங்க இருக்குது."

அது வேல்முருகனின் இடம். அந்த வாரமே வியாழக்கிழமை அவன் வரவில்லை. மூச்சு இழுத்துக்கொண்டதென்று பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அங்கிருந்து அவன் உயிரோடு திரும்பவில்லை. வருகைப் பதிவில் அவன் பெயர்மேல் சிவப்புக் கோடு விழுந்தது.

மறுவாரம் நான்காவது பெஞ்சில் பூமாரியின் இடம். இந்தத் தடவை டெஸ்க்கின் மேலும் இரண்டு சின்ன முழங்கைகளின் அளவுக்குத் தூசி இல்லை. தூசி விழுந்த நேரம் முழுக்க யாரோ அங்கே அசையாமல் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. மூன்றாம் நாள் பூமாரியும் போய்விட்டாள்.

யோகப்பிரியா தலைமையாசிரியர் ரத்தினசாமி மாஷின் அறைக்குப் போய் நின்றாள். பெஞ்சில் பார்த்ததைச் சொன்னால் பைத்தியம் என்பார் என்று தூசியைப் பற்றி மட்டும் சொன்னாள்.

"மாஷ், பொல்யூஷன் ஆபீசருங்கள மறுக்காவும் வரச் சொல்லோணுமுங்க."

"போன மாசம் வந்து பாத்துட்டுத்தான போனாங்க? கிளாஸ் ரூமெல்லாம் பளபளன்னு இருக்குது, ஒரு குத்தமும் இல்லீன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. இனி நம்ம கையில என்னங்க டீச்சர் இருக்குது?"

பளபளவென்று ஆக்கி வைத்தவள் அவளேதான். பெரியவர்கள் வருகிறார்கள், பள்ளிக்கூடம் அசிங்கமாகத் தெரியக் கூடாது என்று அன்றைக்கு இரண்டு தடவை துடைத்தாள், மகராசி. கம்பெனியை எதிர்த்துத் தெருவில் நிற்கவும் வழியில்லை. கணவன் ரமேஷ்குமாருக்கு அங்கேதான் வேலை.

அவள் மகள் சிவசங்கரியும் அதே மூன்றாம் வகுப்புதான். முதல் பெஞ்சு, ஜன்னல் ஓரம். பத்து நாளாக அவளுக்கும் வறட்டு இருமல். பொள்ளாச்சியில் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்று தினமும் நினைத்தாள். பரீட்சை முடியட்டும் என்று தினமும் தள்ளிப்போட்டாள். இன்னும் நாலே நாள்தான்.

திங்கட்கிழமை காலை, கூடத்துப் பாயில் தூங்கும் மகளை எழுப்பிவிடக் கூடாதென்று விளக்குப் போடாமல், கதவை மெல்லச் சாத்திவிட்டுப் பள்ளிக்கு வந்தாள். பூட்டைத் திறந்தாள். ஜன்னலில் மங்கலாக வெளிச்சம் விழுந்திருந்தது. இரண்டாவது பெஞ்சு, கறுப்பு. நான்காவது பெஞ்சு, கறுப்பு.

முதல் பெஞ்சு. ஜன்னல் ஓரம்.

சுத்தமாக இருந்தது.

"இல்ல," என்றாள் சத்தமாக. பக்கத்திலிருந்த தூசியை இரண்டு கையாலும் வழித்து அந்த இடத்தில் அப்பினாள். ஒட்டவில்லை. மறுபடி அப்பினாள். வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது. உள்ளங்கையை மரத்தின்மேல் வைத்து அழுத்தினாள்.

மரம் வெதுவெதுப்பாக இருந்தது. இப்போதுதான் யாரோ எழுந்து போனதுபோல.

ஓடினாள். செருப்பு எங்கே கழன்றதோ தெரியவில்லை. இன்றைக்கே பொள்ளாச்சி. பரீட்சையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். முதல் பஸ். வீட்டுக் கதவைத் தள்ளினாள்.

சிவசங்கரி பாயின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். தலை கலைந்திருந்தது. கண்ணில் தூக்கம் இருந்தது.

உயிர் திரும்பி வந்தது யோகப்பிரியாவுக்கு. மண்டியிட்டு மகளை வாரி அணைத்தாள். சட்டையில் கருகிய எண்ணெய் வாடை.

"அம்மா, பெல் அடிச்சிருச்சா?"

"இன்னைக்கு ஸ்கூல் இல்ல சாமி. நாம மாமா ஊட்டுக்குப் போறோம்."

"நான் வல்லீம்மா. வேல்முருகன் எனக்கு எடம் புடிச்சு வெச்சிருக்கான்."

மகளின் தோளுக்கு மேலாகப் பாய் தெரிந்தது. புழுக்கத்துக்குத் திறந்து வைத்த ஜன்னல் வழியே இரவெல்லாம் தூசி இறங்கியிருந்தது. பாய் முழுக்கக் கறுப்பு. தலையணையும் கறுப்பு. நடுவில் ஒரு குழந்தை படுத்திருந்த அளவுக்கு வெறும் இடம் இருக்க வேண்டும். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள்.

இல்லை.

சிவசங்கரி அவள் கையை விலக்கிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள். இருமினாள். கூடத்தைக் கடந்தாள். படி இறங்கினாள்.

தூசி படிந்த தரையில் ஒரு ஆளின் காலடிகள்தான் இருந்தன. யோகப்பிரியா காலையில் போனதும், இப்போது ஓடி வந்ததும்.