பழைய உறையில் புதுத் தட்டு

இசைத்தட்டுக் கடைக்காரர் வக்கீலம்மா வீட்டுக்கு வந்தபோது, பொருளைப் பறிகொடுத்தவர் போலவே இல்லை. தண்ணீர் வரி கட்ட வந்தவர் போல உட்கார்ந்திருந்தார். மனைவி இறந்து நாலு மாதமாக இப்படித்தான். பசி தெரிவதில்லை, யாராவது ஆறுதல் சொன்னால் அதுவும் உறைப்பதில்லை. இவ்வளவு பெரிய இழப்புக்குக்கூடத் தனக்குப் பதற்றம் வரவில்லையே என்பதுதான் அவருக்கு விசித்திரமாக இருந்தது.

வக்கீலம்மா கோர்ட்டுக்குப் போவதை நிறுத்திப் பல வருடமாகிறது. ஆனாலும் அந்தப் பக்கத்தில் எது காணாமல் போனாலும் வழக்கு அவர் வீட்டுக்குத்தான் வரும். விசாரிப்பது அவர், சந்தேகப்படுவது அவருடைய கணவர். அந்த மனிதருக்கு 'வீட்டுக்காரர்' என்பதைத் தவிர வெளியில் வேறு பெயரே கிடையாது. அதில் அவருக்குப் பெருமைதான்.

"என்ன காணோம்?" என்றார் வக்கீலம்மா.

"ஒரு ரெக்கார்டுங்க. கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வீட்டம்மா பாடினது. அவ பாடினதே அது ஒண்ணுதான். இப்ப ஒரு கம்பெனிக்காரங்க அதைத் திரும்பப் போட்டாங்க. அவங்ககிட்ட அப்போ பதிஞ்ச அசல் ஒலிநாடா இல்ல, எங்கிட்ட இருந்த பழைய ரெக்கார்டை வாங்கிட்டுப் போய்த்தான் புதுசு அடிச்சாங்க. போன வாரம் புதுசெல்லாம் பெட்டியில வந்துச்சு. கூடவே பழசையும் திருப்பி அனுப்பியிருந்தாங்க. நேத்து எடுத்துப் பார்க்கறேன், பழைய கவருக்குள்ள புது ரெக்கார்டு இருக்கு."

"புதுசுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"லேபிளு அச்சு அசலா ஒண்ணுதான். ஆனா பழசுல நடு ஓட்டையைச் சுத்திக் கோடு கோடாத் தேய்ஞ்சிருக்கும், வருஷக்கணக்கா மாட்டிக் கழட்டினதுல. இதுல ஒரு கீறல் இல்ல. போட்டும் பார்த்துட்டேன். கடைசிப் பாட்டு முடிஞ்சதும், மைக்கை அணைச்சாச்சுன்னு நெனச்சு அவ ஒரு சிரிப்பு சிரிப்பா. புதுசுல அதைத் துடைச்சுட்டாங்க. அவ சிரிப்பு வேற எதுலயும் இல்லீங்க."

விலை சொல்லும் குரலில்தான் அதையும் சொன்னார்.

வீட்டுக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "யாரு மேல சந்தேகம்?"

"கடையில வேலை பாக்குற பொண்ணுகிட்ட ஒரு சாவி இருக்கு. அப்புறம் என் மச்சினன். அவ போன மறுவாரம் வந்து, ஒரே ஒரு நாள் அதைக் குடுங்க மாமான்னு கேட்டான். உடைச்சுடுவே, போடான்னுட்டேன். அதோட பேச்சு வார்த்தை இல்ல."

"ஆச்சு! மச்சினன்தான்!" என்று தொடையில் தட்டினார் வீட்டுக்காரர். வக்கீலம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை மூவரும் கடையில் இருந்தார்கள். இரண்டு பேர் எதிரும் புதிருமாக நடக்க முடியாத குறுகலான கடை. வீட்டுக்காரர் உறைகளை அடுக்கியிருந்த மரச் சட்டத்திலிருந்து ஒன்றை உருவி உள்ளே பார்த்தார். அலறாத குறை.

"இதுலயும் ரெக்கார்டு இல்ல! இதுலயும் இல்ல! கடையையே காலி பண்ணிட்டாங்க!"

வேலை செய்யும் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "எல்லாமே காலிதான் சார். வெளியில கவர் மட்டும்தான் வைப்போம். ரெக்கார்டெல்லாம் கவுண்டருக்குப் பின்னாடி வெள்ளைக் காகித உறையில இருக்கும். விக்கும்போது எடுத்துக் கவருக்குள்ள போட்டுக் குடுப்போம்."

"புதுசு வந்த அன்னைக்கு நீ இருந்தியாம்மா?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"இல்ல மேடம், லீவு. அண்ணன் மட்டும்தான்."

"நான்தான் இருந்தேன்," என்றார் கடைக்காரர். "பழசையும் புதுசையும் உறையிலிருந்து எடுத்து, முதல் பாட்டை மட்டும் மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்தேன். கடைசிப் பாட்டு வரைக்கும் போக மனசு வரல. நடுநடுவே ஆளுங்க வந்தாங்க, வித்தேன்."

வக்கீலம்மா சொல்லி அனுப்பியிருந்த மச்சினன் வந்தான். அத்தனை பேரைக் கண்டதும் வாசலிலேயே தயங்கி நின்றான். வக்கீலம்மா அவனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "உங்க அக்காவோட புது ரெக்கார்டைக் கேட்டீங்களா?"

"வந்த அன்னைக்கே வாங்கிட்டேங்க. தினமும் கேக்கறேன்." அவன் முகம் மலர்ந்தது. "ரொம்ப நேர்மையாப் பண்ணியிருக்காங்க. பழைய கரகரப்பைக்கூட மாத்தல. கடைசியில வர்ற அந்தச் சிரிப்பையும் அப்படியே விட்டு வச்சிருக்காங்க."

"கையும் களவுமா மாட்டிக்கிட்டான்!" வீட்டுக்காரர் துள்ளிக் குதித்ததில் ஒரு சட்டம் ஆடியது. "புதுசுலதான் சிரிப்பே இல்லியே! அப்ப பழசு யாருகிட்ட இருக்கு?"

"இவர்கிட்டதான் இருக்கு," என்றார் வக்கீலம்மா அமைதியாக. "ஆனா இவர் திருடல. திருடினவருக்கு அந்தச் சிரிப்பு எதுல இருக்கு, எதுல இல்லன்னு தெரியும். வாயே திறந்திருக்க மாட்டார். இவர் புதுசுன்னு நம்பித்தான் கேட்டுக்கிட்டு இருக்கார். அதோட, திருட வர்றவங்க கவரோட தூக்கிட்டுப் போவாங்க. ரெக்கார்டை மட்டும் உருவிட்டு அதே மாதிரி இன்னொண்ணை உள்ளே வைக்கறது திருடன் வேலை இல்ல, கடைக்காரங்க கைப்பழக்கம். கவர் ஒரு பக்கம், ரெக்கார்டு ஒரு பக்கம். அன்னைக்குக் கவுண்டர் மேல ஒரே மாதிரி லேபிளோட ரெண்டு ரெக்கார்டு உறையில்லாமக் கிடந்துச்சு. இவர் வாங்க வந்தார்." அவர் கடைக்காரரின் பக்கம் திரும்பினார். "புதுக் கவருக்குள்ள பழசைப் போட்டு நீங்கதான் வித்தீங்க."

கடைக்காரர் தன் கைகளைப் பார்த்தார். அந்த நாளை நினைத்துப் பார்த்தார். பைகள் நினைவுக்கு வந்தன, சில்லறை நினைவுக்கு வந்தது. ஒரு முகம்கூட வரவில்லை.

"சத்தியமா எனக்குத் தெரியாது மாமா," என்றான் மச்சினன். "இப்பவே போய் எடுத்துட்டு வந்துடறேன்."

"இரு மாப்ளே. நீயே வந்தியா? கடைக்கா?"

"நானேதான் வந்தேன்."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமேடா."

"கூப்பிட்டேன் மாமா. ரெண்டு தரம் கூப்பிட்டேன். அக்கா எவ்வளவு நல்லாப் பாடியிருக்கான்னுகூடச் சொன்னேன்."

"அதுக்கு நான் என்ன சொன்னேன்?"

மச்சினன் சொல்லத் தயங்கினான்.

"பை வேணுமான்னு கேட்டீங்க."

கடைக்காரருக்கு வலித்தது. நாலு மாதத்தில் முதல் முறையாக வலித்தது. அவர் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு, வாசலில் நின்ற மச்சினனின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.