நீங்களும் வாங்க

வாசலில் உட்கார்ந்திருந்தவர் "வாங்க" என்று சொல்லவில்லை.

சின்ன விஷயம்தான். ஆனால் கண் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையில் வருஷக் கணக்காக "வாங்க, உட்காருங்க, கூப்பிடுவாங்க" என்று சொல்லியே சம்பளம் வாங்குகிறவளுக்கு அது செருப்புக்குள் நுழைந்த மணலாக உறுத்தியது. அவள் வாய் அப்படி. மனசு எங்கேயோ மேய்ந்துகொண்டிருக்கும், நாக்கு தன் பாட்டுக்கு யாரையாவது உபசரித்துக்கொண்டிருக்கும். தூக்கத்தில்கூட டோக்கன் எண் கூப்பிடுகிறாள் என்று கணவன் கேலி செய்வான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அவளைப் பார்த்து அப்பா அடிக்கடி சொல்வார். பழமொழிக்கு எல்லாம் தெரியுமா என்ன?

உட்கார்ந்திருந்தவர் அந்த நினைவு அருங்காட்சியகத்தின் காப்பாளர். நாற்பது வயதிருக்கும். அவளையும், அவள் விரலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த மகளையும் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். அவள் பையிலிருந்து புகைப்படத்தை எடுத்துக் காட்டியதும் எழுந்து முன்னால் நடந்தார்.

பழைய படகுத்துறையின் டிக்கெட் அலுவலகம் அது. அங்கிருந்து கிளம்பிய காலைப் படகு, காற்றோ மழையோ இல்லாத ஒரு நாளில், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கவிழ்ந்தது. நாடே அழுதது. கொடிகள் பாதியில் இறங்கின. வருஷா வருஷம் அந்த நாளில் டிவியில் அதைக் காட்டுவார்கள், அவள் எழுந்து போய் அணைத்துவிடுவாள். அந்தப் படகில்தான் அக்கா வேலைக்குப் போனாள்.

அக்காவின் கைப்பை கிடைத்தது. அக்கா கிடைக்கவில்லை. அப்பா கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை, அந்தக் கைப்பையைக்கூட வாங்க மறுத்துவிட்டார். "போறேன்னா சொன்னா? போயிட்டு வரேன்னுதானே சொன்னா? சொன்னவ வருவா" என்பார். வாசல் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட விடமாட்டார். பூட்டையும் மாற்ற விடவில்லை. அருங்காட்சியகத்துக்காரர்கள் படம் கேட்டு எத்தனையோ தடவை வந்தார்கள், வெறுங்கையோடுதான் போனார்கள். போன மாதம் அப்பா போய்ச் சேர்ந்தார். இனி யாருக்காகப் பிடிவாதம் என்று அவளே படத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஒரே ஒரு கூடம். தரையைத் துடைத்த பினாயில் வாசனை தூக்கலாக அடித்தது, அதற்கு அடியில் டீசலும் சேறும் கலந்த இன்னொரு வாசனை, எவ்வளவு துடைத்தாலும் போகாத மாதிரி, மெல்ல மூக்கில் ஏறியது. மூன்று சுவர்களிலும் முகங்கள். நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் வரிசை வரிசையாகக் கொக்கிகளில் தொங்கும் சாவிகள். இறந்தவர்களின் சட்டைப்பையிலும் கைப்பையிலும் இருந்த வீட்டுச் சாவிகள். சிலதில் பொம்மை கட்டியிருந்தது, சிலதில் சிவப்பு நூல். கீழ் வரிசை ஓரத்தில் அக்காவின் சாவி, பச்சை பிளாஸ்டிக் மீனோடு.

"அம்மா, சாவி இருக்கே, அப்புறம் ஏன் இவங்க வீட்டுக்குப் போகல?" என்று மகள் கேட்டாள்.

காப்பாளர் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பினார்.

சுவரில் ஒரே ஒரு சட்டம் மட்டும் காலியாக இருந்தது. அவர் அதைக் கழற்றி, அக்காவின் படத்தை உள்ளே வைத்து, திரும்ப மாட்டினார். இரண்டாவது பல் லேசாகத் தூக்கிய அதே சிரிப்பு. அவள் அழுதாள். அடக்கவில்லை, அடக்கத் தோன்றவும் இல்லை. அழுகைக்கு நடுவில் சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. பெட்டிக்குள் சாவிகள் ஒரே ஒரு முறை, எல்லாம் சேர்ந்து, கிலுங் என்றன. மூடின கண்ணாடி. காற்று போக வழியில்லை.

வெளியே லாரி போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"போலாம்மா" என்று மகள் இழுத்தாள். கூடத்தின் வாசலில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் திரும்பினாள். எதிர்ச் சுவரில் அத்தனை முகங்களுக்கும் கீழே காப்பாளர் நின்றிருந்தார். பாவம், தனியாக இருக்கிறார் என்று மனசு நினைத்தது. நாக்கு தன் வேலையைப் பார்த்தது.

"ரொம்ப நன்றிங்க. போயிட்டு வரோம். நீங்களும் ஒரு நாள் வீட்டுக்கு வாங்க."

காப்பாளரின் முகம் வெளுத்துவிட்டது.

"யாரைச் சொன்னீங்க?"

"உங்களைத்தாங்க."

"என்னை மட்டும்தான்னு சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. ஒருவரை மதித்துக் கூப்பிட்டாலும் 'நீங்க'தான், ஊரையே திரட்டிக் கூப்பிட்டாலும் 'நீங்க'தான். அவர் தலைக்கு மேலே வரிசை வரிசையாக எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இவங்க எல்லாரும் அன்னிக்கு வீட்ல போயிட்டு வரேன்னு சொல்லிட்டுக் கிளம்பினவங்க" என்றார் காப்பாளர், குரலைத் தாழ்த்தி. "வான்னு ஒரு வார்த்தை கிடைக்காதான்னு காத்திருக்காங்க. வாசல்லகூட நாங்க அந்த வார்த்தையைச் சொல்றதில்ல. தயவுசெஞ்சு சொல்லிடுங்க. என்னை மட்டும்னு."

சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். ஆனால் அக்கா இப்போதுதான் அந்தச் சட்டத்துக்குள் வந்திருக்கிறாள், தூக்கிய பல்லோடு சிரித்துக்கொண்டு. அவள் முகத்துக்கு நேராக, உன்னைக் கூப்பிடவில்லை என்று எப்படிச் சொல்வது? அப்பா ஒரு ஆயுள் முழுக்கத் திறந்து வைத்திருந்த கதவை, அவர் போன கையோடு எப்படிச் சாத்துவது? அவளால் முடியவில்லை. பேசாமல் மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பின்னால் சாவிகள் மறுபடி கிலுங்கின. இந்தத் தடவை நிற்கவில்லை.

திரும்பும் பேருந்தில் கூட்டமே இல்லை. ஏழெட்டுப் பேர் இருந்தால் அதிகம். ஆனாலும் ஓட்டுநர் இரண்டு தடவை வண்டியை ஓரம் கட்டி, இறங்கிப் போய் டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஒரு பக்கமாவே இழுக்குதுப்பா, என்னமோ மூட்டை ஏத்தின மாதிரி" என்று நடத்துநரிடம் அலுத்துக்கொண்டார்.

அவள் உட்கார்ந்திருந்த பக்கம்தான். மகள் ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். "ஏன்டி இப்படி உட்கார்ந்திருக்கே?" என்றாள் அவள். "அவங்களுக்கும் இடம் வேணும்ல" என்றாள் மகள், ஜன்னலைப் பார்த்தபடி. யாருக்கு என்று கேட்கப் பயமாக இருந்தது.

வீடு மூன்றாவது மாடியில். அப்பா இருந்த அதே வீடு. கதவைப் பூட்டி, எத்தனையோ வருஷமாகப் போடாத உள்தாழ்ப்பாளையும் தேடிப்பிடித்துத் தள்ளினாள். துருவேறிய இரும்பு கிரீச்சிட்டுக்கொண்டு உள்ளே போனது. கணவன் வேலை முடிந்து வர நேரமாகும். இருட்டத் தொடங்கியிருந்தது. மகள் தரையில் படுத்து வண்ணப் பென்சிலால் படம் வரைய ஆரம்பித்தாள். எல்லாம் எப்போதும் போலத்தான் இருக்கிறது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். பால் பொங்கும் வாசனைக்கு அடியிலிருந்து, மெல்ல, டீசலும் சேறும் எழுந்து வந்தன.

மின்சாரம் போனது.

இருட்டில் மாடிப்படிச் சத்தம் துல்லியமாகக் கேட்டது. ஏறுகிறார்கள். ஒருவர் இருவர் இல்லை. பேச்சு இல்லை, இருமல் இல்லை, ஈரத் துணி ஈரத் துணியோடு உரசுகிற சத்தம் மட்டும், படி படியாக, நெரிசலில் ஏறுகிறவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு ஏறுவது போல, முதல் மாடி, இரண்டாவது மாடி என்று நிதானமாக மேலே வந்து, அவள் வீட்டு வாசலில் நின்றது.

பூட்டில் ஒரு சாவி நுழைந்தது. தடவித் தேடாமல் நுழைந்தது. பழகின கை.

சாவி திரும்பியது. கதவு ஒரு நூல் அசைந்து, தாழ்ப்பாளில் இடித்து நின்றது. யாரும் தட்டவில்லை. காத்திருந்தார்கள்.

"அம்மா, வந்தவங்களை வெளியவே நிக்க வைக்கலாமா?" மகளின் குரல்.

அவள் சொல்லிக் கொடுத்த பாடம். அவளுடைய வார்த்தைகளேதான்.

"கிட்டப் போகாதே!" என்றபடி அடுப்படியிலிருந்து இருட்டில் ஓடினாள். கால் நாற்காலியில் தடுக்கி விழுந்தாள். விழுந்த இடத்திலேயே துரு கிரீச்சிடுவதைக் கேட்டாள்.

"வாங்க" என்றாள் மகள்.

கதவை அகலத் திறந்து, ஓரமாக ஒதுங்கி நின்றாள், நிலவின் மங்கல் வெளிச்சத்தில் தெரிந்தது. நல்ல பிள்ளை. ஒவ்வொருவருக்கும் வழிவிட்டு, ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்த்து.

"வாங்க. வாங்க தாத்தா. வாங்க அண்ணா. பாத்து, படி இருக்கு. வாங்க."

வாசலில் யாரும் இல்லை. சோபாவின் மெத்தை அமுங்கியது. பக்கத்து மெத்தை அமுங்கியது. கட்டில் முனகியது. அப்பாவின் சாய்வு நாற்காலி ஒரு தடவை முன்னும் பின்னும் ஆடி, கனத்து நின்றது.

"பெரியம்மா, நீங்களும் வாங்க."

பச்சை பிளாஸ்டிக் மீன் ஒன்று மேஜையில் டக்கென்று விழுந்தது.

வீடு நிரம்பிவிட்டது. மூச்சு விட இடமில்லை. அவள் எழுந்தாள். எழுந்ததும் தோளில் குளிர்ந்த தோள் இடித்தது. முதுகில் ஈரம். கையை நீட்டினாள், கை யாருடைய நனைந்த சட்டையிலோ பதிந்தது. தள்ளினாள். நகரவில்லை. தரையில் மகளின் பென்சில் உருள ஆரம்பித்தது, தானாக, ஒரு பக்கமாக, சுவர் வரைக்கும். அதன் பின்னால் மற்ற பென்சில்கள். வீடு சாய்ந்துகொண்டிருந்தது.

அக்கா, விட்டுடு. என் பிள்ளையை விட்டுடு. கெஞ்சினாள், மனசுக்குள். காதோரம் யாரோ சிரித்த மாதிரி இருந்தது. தூக்கிய பல்லில் காற்றுப் படும் சத்தம்.

வாசலில் மகள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கை மேலே உயர்ந்திருந்தது. யாரோ பிடித்திருக்கிற மாதிரி.

"போயிட்டு வரேன்மா."

"எங்கேடி?"

"நீதானே சொன்னே, போயிட்டு வரோம்னு. அவங்க வந்துட்டாங்க. இப்ப நாம திரும்பி அங்க போகணும்ல? முதல்ல என்னைக் கூட்டிட்டுப் போறாங்களாம்."

மகள் நகரவில்லை, நின்றாள். போயிட்டு வா என்று பதில் வராமல் படி இறங்கக் கூடாது. அதையும் அவள்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

போகாதே என்று கத்த வாயைத் திறந்தாள்.

"போ..."

அவ்வளவுதான் வந்தது. இருட்டில் அத்தனை பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள். ஈரத் துணிகளின் சரசரப்பு.

போகாதேவுக்கும் 'போ'தான். போயிட்டு வாவுக்கும் 'போ'தான். அடுத்து எது வரும் என்று அவளுக்கே தெரியவில்லை. தன் நாக்கை அவள் நம்பவில்லை. இரண்டு கைகளாலும் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டாள். பற்களைக் கடித்தாள்.

"சொல்லும்மா" என்றாள் மகள் பொறுமையாக. "எல்லாரும் நிக்கிறாங்க."

பொத்திய கைகளுக்குள்ளே, பற்களுக்குப் பின்னால், அவளைக் கேட்காமல், நாக்கு அசையத் தொடங்கியது.